திங்கட்கிழமை, மதியம் 1.05

அம்மாவின் நட்சத்திரம் திருவாதிரை. பிறந்த தேதி, பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் உத்தேசமாகப் போட்டது. நட்சத்திரத்தில் மட்டும் சந்தேகம் கிடையாது. அர்ச்சனைத் தட்டை நீட்டும்போதெல்லாம் "திருவாதிரை, மிதுன ராசி" என்று எழுபது வருஷமாகச் சொல்லி வந்திருக்கிறாள். ஆனால் அதை வானத்தில் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அப்படி ஒன்று நிஜமாகவே மேலே தெரியும் என்று அவளுக்கு யாரும் காட்டியதில்லை. நானும் காட்டவில்லை என்பது 2020 ஜனவரியில்தான் எனக்கு உறைத்தது.

அந்த மாதம் உலகம் முழுக்க வானம் பார்ப்பவர்கள் திருவாதிரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதன் ஆங்கிலப் பெயர் பெட்டல்ஜூஸ். வானத்தின் முதல் பத்து பிரகாசமான நட்சத்திரங்களில் பெரும்பாலும் இடம்பிடிப்பது, 2019 கடைசியில் மளமளவென்று மங்கத் தொடங்கியது. வெடிக்கப்போகிறதோ என்று பேச்சு கிளம்பியது. எனக்கும் தூக்கம் வரவில்லை, உண்மையாகவே. மனித நினைவில் இத்தனை பக்கத்தில் இருக்கும் ஒரு நட்சத்திரம் வெடித்ததே இல்லை.

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். மார்கழித் திருவாதிரை அன்று பார்க்க முடியாது. பௌர்ணமி நிலா அந்த நட்சத்திரத்தின் பக்கத்தில் நிற்கும் நாள்தானே அது, வெளிச்சத்தில் எல்லாம் அடிபட்டுப் போகும். காணும் பொங்கல் இரவு நிலா எழ நள்ளிரவாகும். எட்டு மணிக்கு அம்மாவை மொட்டை மாடிக்குக் கூட்டிப் போனேன். முழங்கால் வலியோடு ஒவ்வொரு படியாக ஏறி வந்தாள்.

கிழக்கே, பாதி வானத்துக்கு மேல், மூன்று நட்சத்திரங்கள் நேர்கோட்டில். அதற்கு இடப்பக்கம் செம்மண் நிறத்தில் ஒன்று. "அதாம்மா திருவாதிரை."

அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டாள்: "இவ்வளவு சின்னதாவா இருக்கும்?"

வழக்கமாக இப்படி இருக்காது என்று சொன்னேன். உச்சிக்குப் பக்கத்தில் ரோகிணியைக் காட்டினேன். மற்ற வருஷங்களில் திருவாதிரை ரோகிணியைவிடத் தெளிவாகப் பிரகாசமாக இருக்கும். அன்று ரோகிணிதான் ஜொலித்தது. அடுத்த மாதம் இன்னும் மங்கி, வழக்கமான வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கமாக இறங்கியது.

"உடம்பு சரியில்லையா அதுக்கு?" என்றாள் அம்மா.

அந்தக் கேள்விக்குச் சரியான பதில் சொல்ல எனக்கு அன்று வார்த்தை வரவில்லை. இந்தக் கட்டுரை அந்தப் பதில்தான்.

ஒரு நட்சத்திரம் என்பது ஓயாத ஒரு மல்லுக்கட்டு. தன் எடையே தன்னை உள்ளே இழுக்கிறது. நடுவில் எரியும் அணு உலை வெளியே தள்ளுகிறது. சூரியனைப்போல் 25 மடங்கு எடையுள்ள ஒரு நட்சத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஹைட்ரஜனை எரித்து ஹீலியமாக்குவதில் அது கழிக்கும் காலம் சுமார் 70 லட்சம் ஆண்டுகள். ஹீலியம் எரிவது 7 லட்சம் ஆண்டுகள். அடுத்தது கார்பன்: 600 ஆண்டுகள். நியான்: ஒரே ஆண்டு. ஆக்சிஜன்: ஆறு மாதம். கடைசியில் சிலிக்கான் எரிந்து இரும்பாக மாற எடுத்துக்கொள்வது ஒரு நாள்.

இந்த எண்களை முதன்முதலில் படித்த அன்று நான் தாளில் திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்தேன். எத்தனையோ லட்சம் ஆண்டு வாழ்க்கையின் கடைசி வேலை ஒரே நாளில் முடிகிறது. ஏன் இந்த அவசரம்? ஹைட்ரஜனோடு ஒப்பிட்டால் பின்னால் வரும் எரிபொருள்கள் எல்லாம் குறைவாகத்தான் ஆற்றல் தருகின்றன. மையம் சூடேறச் சூடேற நியூட்ரினோ என்ற நுண்துகள்கள் பிறந்து, ஆற்றலை அள்ளிக்கொண்டு வெளியே ஓடிவிடுகின்றன. வருமானம் குறைந்துகொண்டே போகும் வீட்டில் பின்கதவு வழியாகப் பணம் போய்க்கொண்டிருந்தால் எப்படியோ, அப்படி.

இரும்பு வந்ததும் கதை மாறுகிறது. மற்ற தனிமங்களை இணைத்தால் ஆற்றல் கிடைக்கும். இரும்பை இணைத்தால் கிடைக்காது; இணைக்க நாம்தான் ஆற்றலைப் போட வேண்டும். அடுப்புச் சாம்பலாவது வெறுமனே கிடக்கும். இந்த இரும்போ, சூடு ஒரு அளவைத் தாண்டினால், இருக்கிற சூட்டையும் தின்றுகொண்டு உடையத் தொடங்கும்.

இந்த இரும்பு உருண்டை எதுவரைக்கும் தாங்கும்? அந்தக் கணக்கைப் போட்டவர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர். 1930 ஜூலை கடைசியில் மேற்படிப்புக்காகக் கப்பலில் இங்கிலாந்து கிளம்பியபோது அவருக்கு வயது 19. எரிபொருள் தீர்ந்த நட்சத்திரத்தைத் தாங்கிப்பிடிப்பது எலக்ட்ரான்களின் அழுத்தம். எடை கூடக்கூட அந்த எலக்ட்ரான்கள் ஒளிவேகத்தை நெருங்குகின்றன. அப்போது அவற்றின் தாங்கும் திறனுக்கு ஓர் எல்லை வந்துவிடுகிறது. சுமார் 1.4 சூரிய எடை. அதற்கு மேல் தாங்காது. 1935-இல் லண்டனில் அவர் இதைப் பேசி முடித்த கையோடு எழுந்த எடிங்டன், அன்றைய பெரிய வானியல் அறிஞர், நட்சத்திரம் இப்படி அபத்தமாக நடந்துகொள்ளாமல் தடுக்க இயற்கையில் ஏதாவது விதி இருந்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அப்படி ஒரு விதி இல்லை. நோபல் பரிசு வர 1983 ஆனது. சந்திரசேகர் முதலில் கணக்குப் போட்டது சிறிய, ஆறிப்போன வெள்ளைக் குள்ளன்களுக்காக. ஆனால் ராட்சத நட்சத்திரத்தின் நடுவில் சேர்ந்துகொண்டே வரும் இரும்பும் கிட்டத்தட்ட அதே எல்லையில்தான் கால் தவறுகிறது.

அதற்குப் பிறகு நடப்பதைச் சொல்ல "வெடிப்பு" என்ற வார்த்தை எனக்குப் பிடிப்பதில்லை. முதலில் நடப்பது வெடிப்பே இல்லை. விழுவது. பூமியைவிடச் சிறிய, ஆனால் சூரியனைவிடக் கனமான ஓர் இரும்பு உருண்டை தன்மேல் தானே விழுகிறது. விநாடிக்கு 70,000 கிலோமீட்டர் வேகம் வரை போகிறது. ஒரு விநாடிகூட ஆகாது. எலக்ட்ரான்கள் புரோட்டான்களுக்குள் நசுங்கி எல்லாம் நியூட்ரானாக மாற, கடைசியில் மிஞ்சுவது மயிலாடுதுறையில் பஸ் ஏறி சீர்காழியில் இறங்கும் தூரம் அகலமுள்ள ஒரு பந்து. அதற்கு மேல் நசுங்க முடியாமல் அது விறைத்துக்கொள்கிறது. பின்னாலேயே விழுந்து வருவது அதில் மோதி எகிறுகிறது. ஓர் அதிர்ச்சி அலை வெளியே கிளம்புகிறது.

அந்த அலை பாதி வழியில் நின்றுவிடும். இதுதான் பல பத்தாண்டுகளாக ஆராய்ச்சியாளர்களை அலைக்கழித்த சிக்கல். கணினியில் நட்சத்திரத்தைக் கட்டி விழவிட்டால், அலை நூற்றைம்பது கிலோமீட்டர் வாக்கில் போய் மூச்சு வாங்கி நின்றுவிடும், நட்சத்திரம் வெடிக்காது. வழியில் இருக்கும் இரும்பை உடைப்பதிலேயே அதன் வலுவெல்லாம் போய்விடுகிறது. அதைத் தூக்கிவிடுவது நியூட்ரினோக்கள் என்ற யோசனை 1960-களிலேயே வந்தது. பிறந்த சூட்டோடு இருக்கும் நியூட்ரான் பந்திலிருந்து கொட்டும் நியூட்ரினோக்களில் கொஞ்சம், நின்றுபோன அலைக்குப் பின்னால் இருக்கும் பொருளைச் சூடாக்குகின்றன. அதுவும் எல்லாப் பக்கமும் ஒரே சீராக உருண்டையாக நடப்பதாகக் கணக்குப் போட்டால் பெரும்பாலும் போதவில்லை. முப்பரிமாணத்தில், பொருள் கொதித்துப் புரள்வதையும் சேர்த்துக் கணக்குப் போட்டபோதுதான் வெடித்தது. உலையில் சோறு கொதிக்கும்போது மூடியைப் பாருங்கள். நீர் வெறுமனே சூடாகிக்கொண்டிருந்தால் அது அசையாது. அடியிலிருந்து குமிழ் குமிழாகப் புரண்டு வரும்போதுதான் ஒரு பக்கமாக எகிறும். கிட்டத்தட்ட அதே சமாசாரம். இதனாலேயே சூப்பர்நோவா, அதாவது இப்படி வெடிக்கும் நட்சத்திரம், எதுவும் கச்சிதமான உருண்டையாக இருப்பதில்லை.

சில நட்சத்திரங்களில் மூடி எகிறுவதே இல்லை. எல்லாம் உள்ளே விழுந்து கருந்துளையாகிவிடும்.

விழும் இரும்பிலிருந்து வெளிப்படும் ஆற்றலில் 99 விழுக்காட்டை நியூட்ரினோக்கள் கொண்டுபோகின்றன. சூரியன் தன் ஆயுள் முழுக்கத் தரப்போகும் ஆற்றலைப்போல் நூறு மடங்குக்கும் மேல், பத்துச் சொச்ச விநாடிகளில். நட்சத்திரத்தைக் கிழித்து வீசும் வெடிப்புக்குக் கிடைப்பது மீதி ஒரு விழுக்காடு. நம் கண்ணுக்கு ஒளியாக வருவதோ அந்த ஒன்றிலும் நூறில் ஒரு பங்குதான். அந்தத் துளியே ஒரு விண்மீன் கூட்டத்தின் ஒளிக்கு ஈடு கொடுக்கிறது.

இதையெல்லாம் தாளில் போட்ட கணக்காக வைத்திருந்தவர்களுக்கு 1987-இல் பதில் வந்தது.

பெரிய மெகல்லானிக் மேகம் நம் பால்வீதிக்குப் பக்கத்தில் உள்ள சிறிய விண்மீன் கூட்டம், 1,68,000 ஒளியாண்டுத் தொலைவு. அதில் சாண்டுலீக் -69 202 என்று பட்டியலில் எண் போட்டு வைத்திருந்த ஒரு நீலநிற நட்சத்திரம், சூரியனைப்போல் சுமார் 20 மடங்கு எடை. 1987 பிப்ரவரி 23 இரவு, சிலி நாட்டின் லாஸ் கம்பானஸ் மலையில் இயன் ஷெல்டன் என்ற இளைஞர் ஒரு சிறிய தொலைநோக்கியில் அந்த மேகத்தை மூன்று மணிநேரம் படம் பிடித்தார். கண்ணாடித் தகட்டைக் கழுவிப் பார்த்தால், இருக்கக்கூடாத இடத்தில் ஒரு பெரிய புள்ளி. தகட்டில் கோளாறோ என்று சந்தேகம். வெளியே வந்து நிமிர்ந்து பார்த்தார். கண்ணுக்கே தெரிந்தது. அதே மலையில் வேலை பார்த்த ஆஸ்கார் துஹால்தேயும் அன்றிரவு வெளியே வந்தபோது வெறுங்கண்ணால் அதைப் பார்த்திருந்தார். 1604-க்குப் பிறகு வெறுங்கண்ணுக்கு இத்தனை எளிதாகத் தெரிந்த சூப்பர்நோவா அதுதான். பெயர் சூப்பர்நோவா 1987ஏ.

தென்கோடி வானத்தில் நிற்பது என்றாலும், நம் ஊர் அடிவானத்துக்கு மேல் அது எழும். ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வானோக்கு நிலையத்தில் உச்சத்தில்கூட 8 பாகை உயரம்தான் வரும். மரங்களின் தலையை உரசும் உயரம். அங்கிருந்தும் அதன் நிறமாலையைப் பதிவு செய்தார்கள்.

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்தவர் ஷெல்டன் இல்லை. நியூசிலாந்தில் இருந்த ஆல்பர்ட் ஜோன்ஸ். வானியல் அவர் தொழில் கிடையாது. வாழ்நாளில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட முறை நட்சத்திரங்களின் ஒளியை அளந்து குறித்து வைத்தவர். பிப்ரவரி 23 அன்று, உலக நேரம் 9.20 வாக்கில், வழக்கம்போல அந்தப் பகுதியைப் பார்த்தார். புதிதாக ஒன்றும் இல்லை. ஒரு மணி நேரம் கழித்து ஆஸ்திரேலியாவில் ராபர்ட் மெக்நாட் எடுத்த படத்தில் நட்சத்திரம் இருக்கிறது. அதாவது, ஒளி பூமிக்கு வந்து சேர்ந்த நேரத்தை ஒரு மணி நேரச் சொச்சத்துக்குள் அடைக்க உதவியது, ஒரு மனிதர் "ஒன்றும் இல்லை" என்று பார்த்து வைத்த பார்வை.

அந்த ஒரு மணி நேரம் ஏன் முக்கியம்? ஜப்பானில் கமியோகா என்ற ஊரில், சுரங்கத்துக்குள், ஆயிரம் மீட்டர் ஆழத்தில், 3,000 டன் சுத்தமான நீர் நிரம்பிய ஒரு தொட்டி இருந்தது. மசதோஷி கொஷிபா கட்டியது. சுவரெங்கும் சுமார் ஆயிரம் ஒளிக்குழாய்கள், ஒவ்வொன்றும் அரை மீட்டர் அகலம். புரோட்டான் சிதைகிறதா என்று பார்க்கக் கட்டியது, சிதையவில்லை. பிறகு நீரை இன்னும் சுத்தமாக்கி, நியூட்ரினோ நீரில் மோதினால் வரும் சிறிய மினுக்குகளையும் பிடிக்கும்படி மாற்றிய வேலை முடிந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. கொஷிபா ஓய்வு பெற ஒரு மாதம் இருந்தது. சூப்பர்நோவா செய்தி வந்ததும் பதிவு நாடாக்களைத் தேடினார்கள். பிப்ரவரி 23, உலக நேரம் 7.35. பதின்மூன்று விநாடிகளுக்குள் 11 மினுக்குகள். அமெரிக்காவில் ஒரு உப்புச் சுரங்கத்தில் இருந்த தொட்டியில் 8. காகசஸ் மலைக்கு அடியில் இருந்த பக்சான் ஆய்வகத்தில் 5.

மொத்தம் 24. அவ்வளவுதான். அந்த 24 துகள்களை வைத்து எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரைகளுக்குக் கணக்கே இல்லை. மையம் விழுந்தது, நியூட்ரான் பந்து பிறந்தது, ஆற்றல் எவ்வளவு, எத்தனை விநாடி, எல்லாமே தாளில் போட்ட கணக்கோடு பொருந்தியது. கொஷிபாவுக்கு 2002-இல் நோபல்.

நியூட்ரினோ 7.35-க்கு. 9.20-க்கு ஜோன்ஸ் பார்த்தபோது வானம் சும்மா இருந்தது. 10.30-க்கு ஒளி வந்திருந்தது. இடையில் ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குக் குறையாமல் அந்த நட்சத்திரம், நடு வீடு இடிந்து தரைமட்டமான பிறகும், திண்ணை விளக்கு எரிய அப்படியே நின்றிருக்கிறது. அதிர்ச்சி அலை மேற்பரப்பை அடைய அவ்வளவு நேரம் பிடித்தது. நியூட்ரினோக்களுக்கு அந்தத் தடை இல்லை.

நியூட்ரினோ என்றதும் கோலார் தங்க வயலைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1965-இல், காற்று மண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்கள் உலகில் முதன்முதலாகப் பிடிபட்ட இடங்களில் ஒன்று அந்தச் சுரங்கம், இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தோடு ஜப்பானியர்களும் இங்கிலாந்துக்காரர்களும் சேர்ந்து செய்த வேலை. அந்த ஆழத்துக்குப் பாறையைக் குடைந்து வழி செய்த தொழிலாளர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு பக்கத்திலிருந்து பிழைக்கப்போன தமிழர்கள்.

சரி, 7.35 என்பது நம் நேரத்துக்கு மதியம் 1.05. அன்று திங்கட்கிழமை. நான் ஆறாம் வகுப்பு. பழைய நாட்காட்டியைப் பார்த்து இதைக் கண்டுபிடித்த ராத்திரி எனக்குக் கை நடுங்கியது. ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஆயிரம் கோடிக்கு மேல் நியூட்ரினோக்கள், நகத்தளவு இடத்தில் அத்தனை, பத்துச் சொச்ச விநாடிகளில் கடந்து போயிருக்கின்றன. அந்த நேரத்தில் மெகல்லானிக் மேகம் நம் அடிவானத்துக்குக் கீழே இருந்தது. ஆகவே அவை மேலிருந்து வரவில்லை. தென்பக்கத் தரையிலிருந்து சாய்வாக, பாறை வழியாக, பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் சம்மணம் போட்டுத் தூக்குவாளியைத் திறந்துகொண்டிருந்த எங்கள் எல்லோர் வழியாகவும் ஏறிப் போயிருக்கின்றன. கமியோகாத் தொட்டிக்கும் பூமியைத் துளைத்துக்கொண்டுதான் வந்தன.

அம்மாவிடம் சொன்னேன். "திங்கக்கிழமை மத்தியானமா? கொல்லையில பாத்திரம் தேச்சுக்கிட்டு இருந்திருப்பேன்" என்றாள். கொஞ்சம் கழித்து, "ஒண்ணும் தெரியலையேடா" என்று தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

பாத்திரம் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். 1987ஏ அந்த வெடிப்பில் புதிதாகச் செய்து வெளியே வீசியது கதிரியக்க நிக்கல், சூரிய எடையில் 0.07 பங்கு. அது ஆறு நாள் அரை ஆயுளில் (பாதி மாற ஆகும் காலம்) கோபால்ட் ஆகிறது; கோபால்ட் 77 நாள் அரை ஆயுளில் இரும்பாகிறது. அந்த ஆண்டு மே மாதம் உச்சத்துக்குப் போன சூப்பர்நோவாவின் ஒளி, பிறகு சில மாதங்களில் அதே 77 நாள் கணக்கில் பாதி பாதியாகக் குறைந்தது. கோபால்ட் இரும்பாக மாறுவதை உலகமே வானத்தில் பார்த்துக்கொண்டிருந்தது. எடை போட்டால், இருபதாயிரம் பூமிகளுக்கு மேல் இரும்பு. நட்சத்திரத்தைக் கொன்ற பழைய இரும்பு நியூட்ரான் பந்துக்குள் போய்விட்டது. வெளியே வந்தது எல்லாம் புதுசு. அந்தப் பந்தையும் 37 ஆண்டுகள் தேடி, 2024-இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அதன் தடயத்தைத் தூசிக்கு நடுவில் கண்டது. அதன் கதிர்வீச்சு பட்டு எலக்ட்ரான் இழந்த ஆர்கான், கந்தக அணுக்களின் ஒளி.

இப்போது அம்மாவின் கேள்வி. திருவாதிரைக்கு உடம்பு சரியில்லையா?

அன்று மங்கியதற்குக் காரணம் தோலில்தான் இருந்தது. நட்சத்திரம் தன் மேற்பரப்பிலிருந்து ஒரு பெரிய பொருள்திரளைத் துப்பியது. அது குளிர்ந்து தூசியாகி, நமக்கும் அதற்கும் நடுவில் திரையாக நின்றது. மையத்தில் நடப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. திருவாதிரை சூரியனைப்போல் எழுநூறு மடங்குக்குக் குறையாமல் அகலமானது. சூரியன் இருக்கும் இடத்தில் வைத்தால் செவ்வாயின் பாதையைக் கடந்துவிடும் என்று ஒரு கணக்கு சொல்கிறது. அத்தனை பருத்த உடம்பின் மேற்பரப்பைப் பார்த்து மையம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. இன்னும் ஒரு லட்சம் ஆண்டுகளுக்குள் விழும் என்பது வரைதான் கணக்கு.

விழும் நாளில் செய்தி எப்படி வரும் என்பது மட்டும் தெரியும். உடம்பு பெரிது என்பதால் அலை வெளியே வர ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். திருவாதிரை வழக்கம்போலச் சிவந்து நின்றுகொண்டிருக்கும். கமியோகாவில் இப்போது இருக்கும் 50,000 டன் தொட்டியோ கோடிக்கணக்கில் மினுக்கித் தள்ளும். ஐநூறு ஒளியாண்டுக்கு மேல் தள்ளி இருப்பதால் நமக்கு ஆபத்து இல்லை. மறுநாள் பகலிலும் தெரியும். இரவில் நிழல் விழும்.

2020 ஏப்ரல் கடைசி. ஊரடங்கு. நான் சென்னையில், அம்மா ஊரில். ஒருநாள் இரவு ஏழரைக்கு போன் வந்தது. மூச்சு வாங்கியது, தனியாக மாடி ஏறியிருக்கிறாள்.

"மேக்கால பெரிசா ஒண்ணு ஜொலிக்குது. அது இல்லையே?"

"அது வெள்ளிம்மா. அதுக்கு இடப்பக்கம், கொஞ்சம் மேல பாரு. மூணு நட்சத்திரம் படுத்த மாதிரி இருக்கும். அதுக்கு மேல வலப்பக்கம்."

நேரம் எடுத்துக்கொண்டாள். தெருவில் நாய் குரைப்பது போனில் கேட்டது.

"சிவப்பா இருக்கு. ரோகிணி கீழ இறங்கிடுச்சு, ஆனா இதுதான் ஜாஸ்தி. அன்னிக்கு மாதிரி இல்ல."

அடுத்த முறை ஊருக்குப் போக ஆடி ஆகிவிட்டது. சமையலறைச் சுவரில் தினசரி நாட்காட்டி. கிழித்த தாள்களை அம்மா தூக்கிப்போட மாட்டாள், பால் கணக்கு எழுத வைத்துக்கொள்வாள். கிளிப்பில் செருகிய கட்டை எடுத்துப் புரட்டினேன். ஏப்ரல், மே தாள்களின் பின்பக்கம், பால் கணக்குக்குக் கீழே, பென்சிலில்: "தெரிஞ்சது." "தெரிஞ்சது, ரோகிணியவிட ஜாஸ்தி." "மேகம்." "தெரிஞ்சது." மே நடுவில் சூரியன் பக்கம் போய்விட்ட பிறகும் நாலைந்து நாள் விடாமல் ஏறியிருக்கிறாள். அந்தத் தாள்களில் "காணோம்" என்று இருந்தது.